புது ஹாங்கி-டாங்க் (அமெரிக்க மதுக்கடை கன்ட்ரி இசை) பதிவுகளை எப்படிக் கேட்பது? பெடல் ஸ்டீல் இல்லாத குழுவில் எப்படி வாசிப்பது?

நாலுகட்டை:

வணக்கம் நண்பர்களே. ஜோஷுவா ஹெட்லியின் ‘மிஸ்டர் ஜூக்பாக்ஸ்’ (2018), ஸாக் டாப்பின் ‘கோல்ட் பியர் அண்ட் கன்ட்ரி மியூசிக்’ (2024) இரண்டும் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. இரண்டையும் பற்றி “பழைய ஹாங்கி-டாங்க் திரும்பி வந்துவிட்டது” என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் என் காதுக்கு இரண்டும் ஒரே ஊர்ச் சத்தமாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம், ஸ்டீல் கிதார், ஃபிடில் (நம்ம வயலின்தான்), தொப்பி எல்லாம் இருந்தும் உயிரில்லாத பதிவுகள் நிறைய வருகின்றன. எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

இரண்டாவது கேள்வி வாசிப்பைப் பற்றி. எங்கள் குழுவில் டிரம்ஸ், பேஸ், எலெக்ட்ரிக் கிதார், கீபோர்டு. பெடல் ஸ்டீல் (கிடத்தி வைத்து, கம்பிமேல் இரும்புத் துண்டை நகர்த்தி, பெடல் மிதித்துச் சுருதியை மாற்றும் கிதார்) வாசிக்க ஆள் கிடையாது. டி மேஜரில் சொந்தமாக எழுதிய ஒரு பாட்டை இந்த பாணியில் கொண்டுவர ஆசை. கீபோர்டில் ‘பெடல் ஸ்டீல்’ என்று ஒரு டோன் இருக்கிறது, அதைப் போட்டால் பொம்மை மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

ரெக்கார்டுதட்டு:

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. ஹாங்கி-டாங்க் என்ற ஒரே பெயரில் நாலைந்து வேறு வேறு சத்தங்கள் இருக்கின்றன. எந்தப் பதிவு எதன் வாரிசு என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடிப்படை என்னவென்றால் இது மதுக்கடை இசை. 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய பிறகு டெக்சாஸ், ஓக்லஹோமா எண்ணெய் வயல் ஊர்களில் இந்தக் கடைகள் பெருகின. கூச்சல், நடனம், மூலையில் ஜூக்பாக்ஸ். மரக் கிதாரும் ஃபிடிலும் அந்த இரைச்சலில் எடுபடவில்லை, அதனால் கிதாரை மின்சாரத்தில் இணைத்தார்கள். எர்னஸ்ட் டப் 1941இல் பதிவு செய்த ‘வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ’வில் எலெக்ட்ரிக் கிதார் முன்னால் நிற்பதற்கு இதுதான் காரணம்.

பிறகு ஹாங்க் வில்லியம்ஸ். அவருடைய பதிவுகள் பெரும்பாலானவற்றில் டிரம்ஸே கிடையாது. எலெக்ட்ரிக் கிதாரின் தடித்த கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வாசித்த ‘டக் டக்’தான் தாளம். அவருடைய ஸ்டீல்காரர் டான் ஹெல்ம்ஸின் ஸ்டீலில் பெடல் இல்லை. பெடலை மிதித்துச் சுருதியை நகர்த்தும் அந்த ஓசையை ஊரெல்லாம் கேட்க வைத்தது வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ (1954), வாசித்தவர் பட் ஐசக்ஸ். 1956இல் ரே பிரைஸின் ‘கிரேஸி ஆர்ம்ஸ்’ வந்தது. நாலு எண்ணிக்கையிலும் நடக்கும் பேஸ், அதன்மேல் ஷஃபிள் என்ற துள்ளல் நடை; கன்ட்ரி பட்டியலில் 20 வாரம் முதலிடம். இன்றைக்கும் டெக்சாஸ் நடனக் கூடங்களில் ஓடுவது பெரும்பாலும் அந்த அச்சுதான். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பக் ஓவன்ஸும் டான் ரிச்சும் டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிதாரைக் கூர்மையாக முன்னால் கொண்டுவந்தார்கள், மெர்ல் ஹாகர்டும் அந்த ஊர் வழி. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் அறுபதுகளில் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் சேர்த்து மெருகேற்றியது. 1986இல் ட்வைட் யோக்கமும் ராண்டி டிராவிஸும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பழையதை மீட்டார்கள்.

இப்போது உங்கள் இரண்டு தட்டுகள். ‘மிஸ்டர் ஜூக்பாக்ஸ்’ அறுபதுகளின் நாஷ்வில். ஹெட்லி ஃபிடில்காரர், நாஷ்வில் லோயர் பிராட்வேயில் உள்ள ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டில் பழைய பாட்டுகளை வாசித்துத் தேறியவர். (அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் ஷோ-பட் ஸ்டீல் கிதார் கம்பெனி இருந்த இடம்.) ஸாக் டாப்பின் தட்டோ 1986க்குப் பிந்தைய சத்தம். தயாரிப்பாளர் கார்சன் சேம்பர்லேன் ஒரு காலத்தில் எண்பதுகளின் கன்ட்ரி பாடகர் கீத் விட்லியின் குழுவில் ஸ்டீல் வாசித்தவர், ஆகவே பாவனை இல்லாமல் நேராகவே கை மாறியிருக்கிறது. ஹெட்லியே 2022இல் ‘நியான் ப்ளூ’வில் தொண்ணூறுகளுக்குத் தாவிவிட்டார், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

உயிருள்ளதா என்று பார்க்க நான் கவனிக்கும் இடம் ஒன்றுதான்: பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளி. அங்கே யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்த வரிக்குப் பதில் சொல்கிறாரா? நல்ல பதிவில் முதல் சரணத்துக்கு ஸ்டீல் என்றால் இரண்டாவதுக்கு ஃபிடிலோ பியானோவோ. ஸ்டீலும் ஃபிடிலும் கிதாரும் ஒரே நேரத்தில் கொஞ்சிக்கொண்டிருந்தால் அது அலங்காரம். பாட்டின் பின்னணியில் ஸ்டீல் நீளமாக இழுத்துக்கொண்டே இருப்பது இன்னும் மோசம். உரையாடலாக இருக்க வேண்டிய வாத்தியம் சுவர்ப் பூச்சாகிவிடுகிறது.

அடுத்து கேட்க: ஸ்டர்ஜில் சிம்ப்சனின் ‘ஹை டாப் மவுன்டன்’ (2013). பியானோ ஹார்கஸ் ‘பிக்’ ராபின்ஸ், ஸ்டீல் ராபி டர்னர். பழைய கைகள் புதிய பாடகருக்கு எப்படி வழிவிடுகின்றன என்று தெரியும். மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவில் பதிவான மார்கோ பிரைஸின் ‘மிட்வெஸ்ட் ஃபார்மர்ஸ் டாட்டர்’ (2016). மைக் அண்ட் த மூன்பைஸ் (இப்போது சில்வராடா) லண்டன் அபி ரோடில் லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவோடு செய்த ‘சீப் சில்வர் அண்ட் சாலிட் கன்ட்ரி கோல்ட்’ (2019). இந்தக் கடைசித் தட்டு முக்கியம். அத்தனை வயலின்கள் இருந்தும் டெக்சாஸ் குழுவின் நடை கலையவில்லை. தாளம் உறுதியாக இருந்தால் மேலே எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம்.

சரளி:

டிரம்ஸ், பேஸ் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் சறுக்குகின்றன, ஸ்டீல் இல்லாததால் அல்ல.

முதலில் பாட்டு எந்த நடையில் நிற்கிறது என்று முடிவு செய்யுங்கள். மூன்று வழி இருக்கிறது. பேஸ் ஒன்றாம் எண்ணிக்கையில் ஆதார சுரம், மூன்றாம் எண்ணிக்கையில் பஞ்சமம், கிதார் இரண்டிலும் நாலிலும் வெட்டு: இது டூ-பீட். நாலு எண்ணிக்கையிலும் பேஸ் நடந்தால் ஷஃபிள். மூன்று எண்ணிக்கை என்றால் வால்ட்ஸ். வாத்தியத்தைத் தொடாமல் கை தட்டிக்கொண்டு பாட்டை மூன்றிலும் பாடிப் பாருங்கள். வார்த்தைகள் எதில் அவசரமில்லாமல் உட்காருகின்றனவோ அதுதான்.

ஷஃபிள் என்றால்: ஒவ்வொரு எண்ணிக்கையும் திஸ்ரம். ‘தகிட’வில் ‘த’வும் ‘ட’வும் மட்டும் ஒலிக்கும், ‘கி’ மௌனம். இதை ஸ்னேரில் பிரஷ்ஷாலோ மூடிய ஹை-ஹேட்டிலோ வாசியுங்கள். இரண்டிலும் நாலிலும் குறுக்குக் குச்சி, அதாவது குச்சியைத் தோலில் படுக்க வைத்து விளிம்பில் தட்டும் அடி. கிக் டிரம் ஒன்றிலும் மூன்றிலும், பேஸுக்கு அடியில் உணரும் அளவுக்கு மட்டும். கிக் தனியாகக் காதில் விழுந்தால் சத்தம் அதிகம்.

வேகம் 120க்கும் 145க்கும் இடையே வைத்துத் தொடங்குங்கள். கெடும் விதங்கள் இவை. ஒன்று, ‘ட’வை மிகவும் தள்ளிப் போடுவது, திஸ்ரம் போய்ச் சதுஸ்ரத்தின் கடைசி மாத்திரைக்கு ஓடிவிடும், நடை நொண்டும். இரண்டு, பல்லவி வந்ததும் வேகம் ஏறுவது. ஆடுபவர்களுக்கு இது பெரிய தொல்லை. டெக்சாஸ் டூ-ஸ்டெப்பில் இரண்டு விரைவு அடி, இரண்டு நிதான அடி. நிதான அடியில் உடம்பின் எடை முழுதாக இறங்க இடம் வேண்டும். மூன்று, சரணம் முடியும் ஒவ்வொரு இடத்திலும் டாம்களில் உருட்டி கிராஷ் அடிப்பது. இந்த இசையில் நிரப்புவது டிரம்மர் வேலை கிடையாது. ஸ்னேரில் ஒரு சின்னத் திஸ்ர உருட்டு, அவ்வளவுதான்.

பேஸ்காரருக்கு: டி கார்டில் டி, எஃப் ஷார்ப், ஏ, எஃப் ஷார்ப் என்று நடந்து அடுத்த சுற்றின் முதல் அடியில் ஜி-யில் இறங்குங்கள். கார்டு மாறப் போகிறது என்பதை நாலாம் எண்ணிக்கை சொல்ல வேண்டும், அடுத்த ஆதாரத்துக்கு ஒரு படி மேலோ கீழோ இருக்கும் சுரம் போதும். சுரங்கள் குட்டையாக இருக்கட்டும். ஃப்ளாட்வௌண்ட் கம்பி, பிரிட்ஜ் அருகே கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், டோன் குமிழ் பாதிக்குக் கீழ். பழைய நாஷ்வில் பதிவுகளில் நின்று வாசிக்கும் மர பேஸோடு ஆறு கம்பி எலெக்ட்ரிக் பேஸை அமுக்கி வாசித்து ஒட்டியிருப்பார்கள், ‘டிக்-டாக்’ என்று கேட்கும். கிதார்காரர் பாடும்போது கை சும்மா இருந்தால் பேஸின் வரியையே ஒரு எண்சுரம் மேலே அமுக்கி வாசிக்கச் சொல்லுங்கள், அந்த நிறம் வந்துவிடும்.

கால்மிதி:

கீபோர்டு டோன் ஏன் பொம்மையாக இருக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கீபோர்டின் பிட்ச் சக்கரத்தைத் திருப்பினால் அமுக்கிய சுரங்கள் எல்லாம் சேர்ந்து நகரும். பெடல் ஸ்டீலில் ஒன்று நிற்கும், இன்னொன்று அதன்மேல் உரசிக்கொண்டு நகரும். அந்த உரசல்தான் அழுகை.

ஈ9 என்ற சுருதி முறையில் அமைந்த ஸ்டீலில் 10 கம்பி. பெடல் எதுவும் மிதிக்காமல் ஈ மேஜர் கிடைக்கும் கம்பிகளை எடுத்துக்கொள்வோம்: ச, க, ப. ஏ பெடலை மிதித்தால் பி கம்பிகள் சி ஷார்ப் ஆகும், அதாவது ப இருந்த இடத்தில் த. பி பெடலை மிதித்தால் ஜி ஷார்ப் கம்பிகள் ஏ ஆகும், க போய் ம. இரண்டையும் சேர்த்து மிதித்தால் ச-ம-த, இரும்பை நகர்த்தாமலே நாலாம் கார்டு. ஆதார ச அசையாமல் நிற்க மற்ற இரண்டும் மேலேறுகின்றன. ‘ஸ்லோலி’யில் தொடங்கிய ஓசை இந்த மாதிரி அசைவுதான்.

கிதாரில் இதற்கு நெருங்கலாம். உங்கள் பாட்டு டி-யில் இருப்பது வசதி. மூன்றாம் கம்பி 9ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல், இரண்டாம் கம்பி 10இல் மோதிர விரல், முதல் கம்பி 10இல் சுண்டு விரல். மூன்றையும் தனித்தனி விரலால் ஒரே நேரத்தில் கிள்ளுங்கள். பிக்கால் மேலிருந்து கீழே வருடினால் ஸ்டீல் போலக் கேட்காது. இப்போது மூன்றாம் கம்பியை மட்டும், ஆள்காட்டி விரலையும் பின்னால் துணைக்கு வைத்து, ஒரு முழு ஸ்வரம் வளையுங்கள். ஈ எஃப் ஷார்ப் ஆகும்: ரி-யிலிருந்து க. மேலே இருக்கும் ஏ-யும் டி-யும் துளிகூட அசையக் கூடாது. கெடுவது எங்கே என்றால், வளைக்கும் விரல் பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடும், அல்லது மற்ற இரண்டு விரலும் கூடவே இழுபடும். முதல் கம்பி தடிமன் 10 அல்லது 9 உள்ள செட் போடுங்கள். மூன்றாம் கம்பி சுற்றில்லாததாக இருக்க வேண்டும். இந்த மாதிரி வளைவுக்கென்றே தோள்பட்டை வாரோடு இணைந்து இரண்டாம் (பி) கம்பியை இழுக்கும் பி-பெண்டர் என்ற பொறி இருக்கிறது. கிளாரன்ஸ் வைட்டும் ஜீன் பார்சன்ஸும் உருவாக்கியது. அது இல்லாமலே போதுமான அளவு செய்யலாம்.

வால்யூம் பெடல் வாங்குங்கள், இதில் கஞ்சம் வேண்டாம். ஆனால் பயன்படுத்தும் முறை பலருக்கும் தவறாகப் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு சுரத்தையும் பூஜ்யத்திலிருந்து ஊதிப் பெருக்குவது அல்ல. பெடல் பாதியில் இருக்கும்போது கிள்ளுங்கள், சத்தம் தேயத் தேய மெல்ல முன்னால் தள்ளுங்கள். கேட்பவருக்குச் சத்தம் ஏறுவது தெரியக் கூடாது, தேயாமல் நிற்பது மட்டும் தெரிய வேண்டும். டெலிகாஸ்டர் என்றால் பிரிட்ஜ் பிக்கப், டோனைக் கொஞ்சம் குறைத்து. ஆம்ப் சுத்தமாக, ஸ்பிரிங் ரிவெர்ப். டிஸ்டார்ஷன் வேண்டாம், இரண்டு சுரம் உரசும் நேர்த்தியை அது அழித்துவிடும்.

கீபோர்டுக்காரர் ஸ்டீல் டோனை விட்டுவிட்டுப் பியானோ வாசிக்கட்டும். நாஷ்வில் பியானோக்காரர் ஃபிளாய்டு கிரேமர் பிரபலமாக்கிய வழுக்கல் முறை உங்களுக்குப் பொருந்தும்: டி கார்டில் சுண்டு விரல் மேலே ஏ-யைப் பிடித்திருக்க, கீழே ஈ-யைத் தொட்டு உடனே எஃப் ஷார்ப்பில் விழ வேண்டும். கிதாரில் சொன்ன அதே ரி-க அசைவுதான். அதனால்தான் கிதாரும் பியானோவும் ஒரே இடைவெளியில் இதைச் செய்யக் கூடாது.

நாலுகட்டை:

எல்லாருக்கும் நன்றி. 9ஆம் ஃப்ரெட் வளைவு உடனே புரிந்தது. இரண்டு சந்தேகம். லாப் ஸ்டீல் (மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல்) ஒன்று வாங்கினால் பெடல் இல்லாமல் பயன் உண்டா? கீபோர்டோடு சேர்ந்தால் சுருதி ஒத்துப்போகுமா? இன்னொன்று, பாட்டு வரிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

கால்மிதி:

தாராளமாக வாங்கலாம். டான் ஹெல்ம்ஸ் பெடல் இல்லாமல்தானே ஹாங்க் வில்லியம்ஸுக்கு வாசித்தார். ஆறு கம்பி, சி6 சுருதி: தடித்த கம்பியிலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. சாதாரண கிதார் செட்டை இந்தச் சுருதிக்கு இழுக்காதீர்கள், தடித்த கம்பிகள் அளவுக்கு மீறி இறுகும், சில அறுந்துபோகும். சி6க்கென்று விற்கும் செட் முதல் கம்பி 15, ஆறாவது 36 வாக்கில் இருக்கும். இரும்பு கம்பியைத் தொடும் இடம் ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், கோடுகளுக்கு நடுவில் அல்ல. மேலிருந்து நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பார்த்தால் எப்போதும் சுருதி தப்பும். அதிர்வு கொஞ்சமாக, சுரத்தில் போய் நின்ற பிறகு.

சுருதிச் சிக்கல் உண்மை. சுத்தமான அந்தர காந்தாரம் பியானோவின் காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே. நல்ல தம்புராவில் தானாகக் கேட்கும் காந்தாரம் அதுதான், அதனால் நம் காது அந்தப் பக்கமே இழுக்கும். ஸ்டீல்காரர்கள் பலர் காந்தாரக் கம்பியை டியூனர் காட்டுவதற்குக் கீழேதான் வைக்கிறார்கள். பியானோ கூட இருக்கும்போது நடுவழி: 5, 6 சென்ட் மட்டும் இறக்குங்கள். ஸ்டீல் பேசும் இடைவெளியில் பியானோ காந்தாரத்தை விட்டு ச-வும் ப-வும் மட்டும் பிடித்தால் சண்டையே வராது.

ரெக்கார்டுதட்டு:

வரிகள் பற்றி. 1952இல் ஹாங்க் தாம்சனின் ‘த வைல்ட் சைட் ஆஃப் லைஃப்’ வந்தது. தன்னை விட்டுப் போனவளைப் பழிக்கும் பாட்டு. அதே ஆண்டு கிட்டி வெல்ஸ் பெண் தரப்பிலிருந்து பதில் பாடினார், ‘இட் வாஸ்ன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்’. இரண்டுக்கும் மெட்டு ஒன்றே, அதுவும் அவர்களுக்கு முன்பே புழங்கிய பழைய மெட்டு. பாட்டு நின்றது சொன்ன விஷயத்தால். ஆகவே மெட்டைப் புதுமையாக்க மெனக்கெடாதீர்கள். டி, ஜி, ஏ7 போதும். பல்லவிக்குத் திரும்பும் முன் ஒரு ஈ7 வைத்து ஏ7க்குப் போனால் அந்தத் திருப்பம் ஒன்றே களைகட்டும்.

ஒரு பாட்டில் ஒரு ஆள், ஒரு நிலைமை. இரண்டாவது சரணத்தில் முதல் சரணத்தில் தெரியாத ஒன்று வெளிவர வேண்டும். விஸ்கி, நியான் விளக்கு, பூட்ஸ், நெடுஞ்சாலை என்று பொருட்களை அடுக்கினால் பாட்டு கடை அலமாரியாகிவிடும். இன்றைய பதிவுகள் பல விழுவது இங்கேதான். பாத்திரத்துக்குக் கண்ணாடி டம்ளர் தேவைப்பட்டால் மட்டும் டம்ளர் வரட்டும். மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். முன்னிசைக்குப் பல்லவியின் கடைசி வரி மெட்டு போதும், நாலு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

பாடகருக்கு ஒரு குறிப்பு. ஐம்பதுகளின் கன்ட்ரி பாடகர் லெஃப்டி ஃப்ரிசெல்லைக் கேட்கச் சொல்லுங்கள். உயிரெழுத்தை உடைத்து வளைத்து அடுத்த சுரத்துக்கு வழுக்குவார், ஹாகர்டும் அவரிடம் கற்றதுதான். ஆனால் எல்லா வார்த்தையிலும் வளைக்க மாட்டார். வரியின் கனமான சொல் எதுவோ அதில் மட்டும்.

சரளி:

பதிவு செய்யும்போது ஒன்று. நாலு பேரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசியுங்கள், கிளிக் (காதில் ஒலிக்கும் தாளக் கருவி) இல்லாமல். தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் இடைவெளியில் பதில் சொல்லும் வாத்தியத்துக்குப் பாடகரின் மூச்சு கேட்காது, முன்கூட்டியே நுழைந்துவிடும். குரல் மைக்கில் டிரம்ஸ் கசிந்தால் பயப்பட வேண்டாம். பிரஷ்ஷும் குறுக்குக் குச்சியும்தான் என்றால் கசிவு குறைவாகவே இருக்கும். மிக்ஸில் குரல் முதலில், அடுத்து பேஸ், பிறகு பதில் சொல்லும் வாத்தியம், ஸ்னேர் அதற்கும் கீழே. முதல் மிக்ஸைச் சின்ன ஸ்பீக்கரில், சத்தம் குறைத்துப் போட்டுப் பாருங்கள். அதில் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்து பேஸின் நடையும் கேட்டால் விட்டுவிடலாம். புரியவில்லை என்றால் குரலை ஏற்றும் முன் கிதாரையும் பியானோவையும் இறக்கிப் பாருங்கள்.